சிநேகிதன் ஸ்பொன்சர் பண்ணினால் போதுமா? வன்னியிலிருந்து ஐரோப்பாவுக்கு விருந்தாளியாகப் போவோருக்கு

அண்ணன் வீட்டுக்குப் போவதென்றால் காட்டுவதற்கு இரண்டு பிறப்புச் சான்றிதழ் இருக்கும். இரண்டிலும் தகப்பன் பெயர் ஒன்றாக இருந்தால் கதை முடிந்தது. சிநேகிதத்துக்கு எந்தப் பதிவாளரும் சான்றிதழ் தருவதில்லை. கிளிநொச்சியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன் இன்றைக்கு பேர்ணிலோ பாரிஸிலோ இருந்துகொண்டு, "ஒருக்கா வந்திட்டுப் போவன்" என்று வருசா வருசம் கேட்கிறான் என்றால், அந்தப் பாசத்தைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் முதல் வேலை. அதை யார் செய்வது, எந்த ஒழுங்கில் செய்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

பிரான்ஸ் என்றால் வேலையைத் தொடங்க வேண்டியவன் சிநேகிதன். அவன் தான் இருக்கும் ஊர் நகரசபைக்கு, அங்கத்தையவர்கள் 'மெரி' என்று சொல்லும் இடத்துக்குப் போய், 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்றிதழை எடுக்க வேண்டும். வீட்டு வாடகைப் பத்திரம், சம்பளச் சீட்டுகள், வீட்டின் அளவு எல்லாம் பார்ப்பார்கள். 30 யூரோவுக்கு வரி முத்திரை. சான்றிதழ் மறுக்கப்பட்டாலும் அந்தக் காசு திரும்பாது. மூலப்பிரதி தபாலில் உங்கள் கைக்கு வரவேண்டும் என்பதால் அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

ஜேர்மனியிலும் சிநேகிதன்தான் முதலில். வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, சம்பளத்தைக் காட்டி, 'இவருடைய செலவு முழுவதும் என் பொறுப்பு' என்று ஒப்பமிட வேண்டும். அந்தக் கடதாசி ஆறு மாதத்துக்குள் விசா விண்ணப்பத்தில் பயன்பட வேண்டும். ஆகவே, 'இருக்கட்டும், எடுத்து வைப்போம்' என்று முன்கூட்டியே எடுத்தால் பழசாகிப் போகும்.

சுவிஸ் தலைகீழ். அங்கே முதலில் சாதாரண அழைப்புக் கடிதத்தோடு நீங்கள் விண்ணப்பிக்கிறீர்கள். உங்கள் வருமானம் போதாது என்று பட்டால் தூதரகமே ஒரு உத்தரவாதப் படிவத்தைத் தரும். அதை நீங்கள் சிநேகிதனுக்கு அனுப்ப, அவன் தன் மாநிலத்தின் அல்லது ஊரின் அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். 30,000 பிராங் வரைக்கும் அவன் பொறுப்பேற்கிறான். சுவிஸ் குடியுரிமை உள்ளவர்கள், பி அல்லது சி வதிவிட அனுமதி உள்ளவர்கள் மட்டும்தான் இதில் கையெழுத்து வைக்கலாம். எஃப் என்ற தற்காலிக அனுமதியில் இருக்கும் சிநேகிதன் மனதார அழைக்கலாம், உத்தரவாதம் கொடுக்க முடியாது. இதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் சங்கடப்படுத்தக்கூடாது என்று கேட்காமல் விட்டு, விசாக் காசும் போன பிறகு தெரியவருவதுதான் பெரிய சங்கடம்.

இந்த மூன்று முறையிலும் பொது ஒன்றுதான். சிநேகிதன் வைக்கும் ஒப்பம் அவனுடைய சம்பளத்தின் மேல் நிற்கிறது. நீங்கள் அங்கே வருத்தக்காரனாகி ஆஸ்பத்திரிக்குப் போனாலும், விசா முடிந்தும் நின்றாலும், அரசாங்கம் செலவைக் கேட்டு அவன் வீட்டுக்குத்தான் கடிதம் போடும். இனி வரப்போகும் ஒவ்வொரு விசயத்தையும் இதை மனதில் வைத்து வாசியுங்கள்.

சிநேகிதத்தை எப்படிக் காட்டுவது? அதிபரிடம் எடுத்த இரண்டு பேரின் பாடசாலை விடுகைப் பத்திரம், ஒரே வகுப்பு, ஒரே வருடம் என்று இருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. பழைய படங்கள் இருந்தால் மூன்று நான்கு போதும், முழு அல்பத்தையும் கொண்டுபோக வேண்டாம். அவன் இங்கே வந்துபோனபோது எடுத்த படமும், அவன் கடவுச்சீட்டில் இருக்கும் இலங்கை முத்திரைப் பக்கத்தின் பிரதியும் சேர்ந்தால் பலம். போரில் பாடசாலைப் பத்திரம், படம் எல்லாம் போனவர்கள் நிறையப் பேர். அவர்கள் அதைக் கடிதத்தில் இரண்டு வரியில் எழுதிவிட்டு, பல வருடத்துத் தொலைபேசித் தொடர்பின் படப்பிரதிகளை வைக்கலாம். அழைப்புக் கடிதத்திலும் சிநேகிதன் 'எனது நண்பர்' என்று மட்டும் எழுதாமல், எந்த வருடம், எந்தப் பாடசாலை, கடைசியாக எப்போது சந்தித்தோம், வரும் திகதி, போகும் திகதி, எந்த அறையில் தங்குவார் என்பது வரை எழுதவேண்டும்.

இதில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. நாங்கள் சிநேகிதனை மச்சான் என்போம். அவனுடைய தாயை அம்மா என்போம். "உங்களுக்கு இவர் என்ன முறை?" என்று கேட்டால் வாய்தவறி "மச்சான்" வரும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றியதும் நீங்கள் அவன் தங்கையின் புருசனாகிவிடுவீர்கள். இன்னும் சிலர், உறவு என்று சொன்னால் விசா லேசு என்று நினைத்து வேண்டுமென்றே ஒன்றைவிட்ட தம்பி என்று எழுதுகிறார்கள். அகதியாகப் போன சிநேகிதன் என்றால் அவனுடைய அகதி விண்ணப்பக் கோவையில் குடும்பத்தார் பெயரெல்லாம் எப்போதோ பதிவாகியிருக்கும். பொய் பிடிபட்டால் இந்த விசா மட்டுமல்ல, அடுத்த விண்ணப்பமும் சேர்ந்து கெடும். கூடப் படித்தவன் என்பதே போதுமான காரணம்.

இனி உங்கள் பக்கம். விசா அதிகாரியின் மனதில் இருப்பது ஒரே கேள்வி: இந்த ஆள் திரும்பி வருவாரா? கொழும்பில் மாதச் சம்பளக்காரருக்கு இதற்கு விடை சொல்ல இரண்டு காகிதம் போதும். வேலைத்தலத்தின் விடுமுறைக் கடிதம், சம்பளம் விழும் வங்கிக் கணக்கு. வன்னியில் திரும்பி வருவதற்கான காரணம் மலைபோல் இருக்கும், வயல், மாடு, தோட்டம், வயதான தாய் தகப்பன் என்று. ஆனால் அதில் பாதி எந்தக் காகிதத்திலும் இல்லை.

முதலில் காணி. இரணைமடுவின் கீழோ, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், விசுவமடுப் பக்கமோ குடியேற்றத் திட்டக் காணி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் உறுதி இல்லை, பெர்மிட்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம் என்றால் என்னவென்று விசா மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்று இல்லை. மொழிபெயர்த்து வெறுமனே வைத்தால் 'சொந்தக் காணி இல்லை' என்றுகூட எடுபடலாம். பிரதேச செயலகத்தில், இன்ன பரப்பளவு காணி இவர் பெயரில் இருக்கிறது, இவரே பயிர் செய்கிறார் என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கமநல சேவை நிலையத்தில் வயல் பதிவு இருந்தால் அதன் பிரதியும். ஜீ.எஸ். (கிராம சேவையாளர்) தரும் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லாவிட்டால் அது அரைக் காகிதம்தான். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுங்கள். அப்போது பெயரைப் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் வேறு எழுத்து என்று வரும். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்து, அதில் உள்ளபடியே எழுதச் சொல்வதுதான் வழி.

அடுத்தது காசு. நெல் விற்ற காசு கையில் வந்து, கையாலேயே கடனுக்கும் உரத்துக்கும் போய்விடுகிறது. வங்கிக் கணக்கு வெறுமையாகக் கிடக்கும். விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னம் யாரிடமோ கடனாக மாறி பத்து லட்சம் போடுவார்கள். அது வங்கிக் கூற்றில் விளக்குக் கொளுத்தினமாதிரித் தெரியும். வருடத்தின் தொடக்கத்திலேயே முடிவெடுத்து, காலபோக வெட்டு முடிந்து மாசி பங்குனியில் நெல் விற்கும்போது காசை வங்கி வழியாக எடுங்கள். ஆலைக்காரரின் பற்றுச்சீட்டையோ நெல் சந்தைப்படுத்தல் சபையின் சீட்டையோ எறியாமல் வையுங்கள். சீட்டில் உள்ள தொகையும் கூற்றில் உள்ள தொகையும் பொருந்தினால் அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குறைந்தது மூன்று மாதக் கூற்று கேட்பார்கள், ஆறு மாதம் கொடுப்பது நல்லது.

பயணம் எப்போது என்பதையும் வயலே சொல்லும். மானாவாரி வயல்காரருக்குச் சித்திரையிலிருந்து ஆவணி வரை கை ஓய்வு. இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகப் பங்கு விழுந்தால் ஆவணி வரை அசைய முடியாது. அதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்த பிறகுதான் சொல்லலாம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை அங்கேயும் நல்ல காலம், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். உங்கள் சொந்த விளக்கக் கடிதத்தில், 'ஐப்பசிக்கு முன் விதைப்புக்கு நான் வயலில் நிற்க வேண்டும்' என்று எழுதுங்கள். திரும்பி வருவதற்கு அதைவிட நேர்மையான காரணம் வேறில்லை. சிநேகிதனின் லீவையும் கேளுங்கள். அங்கே பெரும்பாலான வேலைத்தலங்களில் வருசத் தொடக்கத்திலேயே லீவுப் பட்டியல் போட்டுவிடுவார்கள். தைப்பொங்கலுக்குக் கதைக்கும்போதே திகதி பேசிவிட வேண்டும். அறிவிக்காமல் போய் நின்று, சோறு போடுங்கோ என்று சொல்லும் வழக்கம் ஏ9 வீதியோடு முடிகிறது.

விண்ணப்பம் என்று வந்தால் கணக்கு இப்படி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரிலிருந்து கொடுக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல 15 நாள் என்பது சட்டம், ஆனால் 45 நாள் வரை நீட்டலாம். சுவிஸ் உத்தரவாதப் படிவம் போய்வரும் நாட்கள் வேறு. எனவே மூன்று மாதம் முன்னுக்குக் கொடுப்பதுதான் புத்தி. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45, ஆறுக்குக் கீழ் இல்லை. விண்ணப்பத்தை வாங்கும் இடைநிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் இவை திரும்பி வராது. கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், நீங்கள் ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் செல்லுபடியாகக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கத்தோடும் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமென்றால் வவுனியாவில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அதற்காகக் கொழும்பு போகத் தேவையில்லை. ஆனால் விரல் அடையாளம் கொடுக்கப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கலாம். நேரம் பதியும்போது எட்டு மணியைத் தெரிவுசெய்யாமல் பத்து மணிக்குப் பின் எடுங்கள், பஸ் பிந்தினாலும் பதற்றமில்லை. ஒருமுறை கொடுத்த விரல் அடையாளம் 59 மாதத்துக்குச் செல்லும்.

சிநேகிதர்கள் மூன்று நாட்டில் இருந்தால் எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? அதிக நாள் நிற்கும் நாட்டுக்கு. சுவிஸில் 12 நாள், பாரிஸில் 5 நாள் என்றால் சுவிஸ்தான், விமானம் பாரிஸில் இறங்கினாலும். நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. இப்படி ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகளைத்தான் ஷெங்கன் நாடுகள் என்பார்கள். லண்டன் இதற்குள் அடங்காது, அதற்குத் தனி விசா. ஒற்றை நுழைவு விசாவில் பாரிஸிலிருந்து லண்டன் போனால் திரும்பி பாரிஸுக்கு வரமுடியாது. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், நிற்கும் முழு நாட்களுக்கும். விமான ரிக்கற் பதிவு மட்டும் போதும், விசா வருமுன் காசு கட்டி வாங்க வேண்டாம்.

விசா ஒட்டி வந்ததும் அதை ஆறுதலாக வாசியுங்கள். அதில் இரண்டு கணக்கு இருக்கும். இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை என்பது கதவு திறந்திருக்கும் காலம். அதன் கீழ் இருக்கும் நாட்களின் எண்ணிக்கைதான் உள்ளே நிற்கக்கூடிய காலம். 30 நாள் கொடுத்து, திகதி இடைவெளி 45 நாளாக இருக்கும். கடைசித் திகதியைப் பார்த்து ரிக்கற் எடுத்தவர்கள் 15 நாள் கூட நின்று மாட்டியிருக்கிறார்கள். இறங்கும் நாளும் ஏறும் நாளும் இரண்டுமே கணக்கு. 2025 ஐப்பசியிலிருந்து எல்லையில் முகத்தைப் படமெடுத்துக் கணினியில் பதியும் முறை வந்துவிட்டது. முத்திரை தெளிவில்லை என்ற சாட்டு இனிச் செல்லாது, ஒரு நாள் கூடினாலும் கணினி தானாகவே எண்ணும்.

இனிப் பொதி. வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் முறை, ஆனால் ஐரோப்பியச் சுங்கத்துக்கு அதன் முறை இருக்கிறது. இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. பால், நெய், தயிர், பாற்கட்டி கூடாது. மாட்டு நெய் போத்திலை அம்மா எவ்வளவு ஆசையாகக் கட்டித் தந்தாலும் அது குப்பைத் தொட்டிக்குத்தான். மீனுக்குப் பெரிய இடம் இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள், கருவாடும் அதற்குள் வரும். முல்லைத்தீவுக் கருவாட்டை நல்ல வெயிலில் இன்னொருமுறை காயவைத்து, கடதாசியில் சுற்றி, அதன்மேல் இரண்டு பொலித்தீன் பை, பிறகு மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி. இந்த ஒழுங்கு பிசகினால் உங்கள் சட்டை மட்டுமல்ல, பொதிப்பட்டியில் பக்கத்தில் வந்தவரின் பெட்டியும் மணக்கும். காட்டுத்தேன் ஆளுக்கு 2 கிலோ வரை. கண்ணாடிப் போத்தல் வேண்டாம், விளிம்பில் பசைநாடா ஒட்டிய தடித்த பிளாஸ்டிக் போத்தலில், முழுக்க நிரப்பாமல், கையில் கொண்டுபோகாமல் அனுப்பும் பெட்டிக்குள்.

பச்சையாக உள்ள பழம், மரக்கறி, இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழம், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் நின்றுபோகும். ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, வறுத்த மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம். தூளுக்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள், சிவந்த தூள் பொட்டலம் ஒன்றை வாயால் விளக்குவது லேசல்ல. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலுக்குப் போனால் இதில் பாதி கடையில் கிடக்கும். ஆனால் ஊர்ப் புழுக்கொடியலும் கடைப் புழுக்கொடியலும் ஒன்றல்ல என்பது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் தெரியும்.

அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் ரிக்கற், சிநேகிதனின் முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் கைப்பையில். விசா இருந்தாலும் எல்லையில் மறுபடி கேட்கலாம், அந்த நேரம் பெட்டி பொதிப்பட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும். தொலைபேசிக்குள் மட்டும் வைத்தால் பற்றரி தீர்ந்துவிடும், தாளில் எடுங்கள். இலங்கைக் காசு அங்கே மாறாது, கொழும்பில் யூரோவும், சுவிஸ் என்றால் பிராங்கும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மூன்று சதுரக்கால் பிளக் எங்கேயும் போகாது. இரண்டு மெல்லிய உருண்டைக்கால் தொலைபேசிச் சார்ஜர் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் மூன்றிலும் பொருந்தும். மின்னழுத்தம் இங்கேபோல 230 வோல்ட்தான்.

நாட்டுக்கு நாடு ரயிலில் போகும்போது எல்லை தெரியாது, ஆனால் இடையில் பொலிஸ் ஏறும். கடவுச்சீட்டை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். சிநேகிதன் 'இன்டர்ரெயில்' எடுப்பான், அது அங்கே வசிப்பவர்களுக்கு. உங்களுக்கு 'யூரெயில்', பெயர் மாறி வாங்கினால் செல்லாது. பிரான்சின் வேக ரயிலுக்கு அந்தப் பாஸ் இருந்தாலும் இருக்கை பதிய வேண்டும், ஜேர்மனியில் பெரும்பாலும் தேவையில்லை. ஜேர்மனியில் மலிவாக இறைச்சி வாங்கிக்கொண்டு சுவிஸுக்குள் போவது அங்குள்ள எங்கள் ஆட்களின் சனிக்கிழமை வேலை. ஆளுக்கு ஒரு கிலோதான் வரியில்லாமல் விடுவார்கள். 'விருந்தாளியின் பங்கும் இருக்கிறதே' என்று உங்களையும் காரில் ஏற்றுவார்கள். அதில் பிழையில்லை, சட்டப்படி உங்களுக்கும் ஒரு கிலோ.

சிநேகிதனின் வீடு பெரும்பாலும் அடுக்குமாடி. இரவு பத்து மணிக்குப் பின் சத்தம் கூடாது. சுவிஸில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு வீட்டுக்கு வீடு நாள் குறித்திருக்கும், குப்பைக்குப் பல இடங்களில் காசு கொடுத்து வாங்கும் தனிப்பை. ஞாயிறு கடை பூட்டு. கருவாடு பொரிப்பதென்றால் முதலில் அவனைக் கேளுங்கள்.

கடைசியாக, ஆனால் இலேசாக எடுக்கக்கூடாதது. சிநேகிதனுக்குக் கடையோ உணவகமோ இருந்தால் சும்மா இருக்க மனம் வராது. கோப்பை கழுவுவோம், பெட்டி இறக்குவோம் என்று கை நீளும். விருந்தாளி விசாவில் வேலை கூடாது. சம்பளம் வாங்காத உதவி என்று நீங்கள் சொல்வதைச் சோதனைக்கு வருபவர் நம்பவேண்டிய தேவையில்லை. தண்டம் கடைக்காரனுக்கு, பதிவு உங்களுக்கு. வருத்தம் வந்தால் அவசரத்துக்கு 112, மற்றப்படி முதலில் காப்புறுதிக்காரரின் இலக்கத்துக்கு அழைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள், எல்லாப் பற்றுச்சீட்டையும் வையுங்கள். ஏற்கெனவே உள்ள நீரிழிவு, பிரசர் மருந்தை முழு நாட்களுக்கும் ஒரு கிழமை மேலதிகமாக, வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொண்டுபோங்கள். பழைய வருத்தத்துக்குப் பல காப்புறுதிகள் காசு கொடுப்பதில்லை.

கட்டுநாயக்கவில் இறங்கியதும் வருகை முத்திரை விழுந்த பக்கத்தையும் விமான ஏறுசீட்டின் துண்டையும் படமெடுத்துச் சிநேகிதனுக்கு அனுப்பிவிடுங்கள். ஒப்பம் வைத்த கடதாசியோடு அதையும் அவன் சேர்த்து வைக்கட்டும்.